கஞ்சா மருந்தா, போதையா? வரலாறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்துகளின் வரலாறு எனக்குப் பிடித்த விஷயம். அபினி, கொய்னா, ஆஸ்பிரின் என்று எதைப் பற்றிப் பேச்சை ஆரம்பித்தாலும் சற்று நேரத்தில் யாராவது கஞ்சாவுக்கு வந்துவிடுவார்கள். கேள்விகளும் கிட்டத்தட்ட அதே கேள்விகள்தான். பாதிப் பேருக்கு அது சர்வரோக நிவாரணி; மீதிப் பேர் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். இரு தரப்பும் கேட்டவற்றை அவர்கள் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இதை வைத்து யாரும் சொந்த வைத்தியம் பார்க்க வேண்டாம்.

கஞ்சா, பாங், சரஸ், ஹஷீஷ், மரிஹுவானா... இதெல்லாம் வேற வேற செடியா?

ஒரே செடிதான். பாகமும் பக்குவமும்தான் வேறு. 1753-ல் லின்னேயஸ் இதற்கு கன்னாபிஸ் சாடிவா என்று பெயர் வைத்தார். 1785-ல் லாமார்க் இந்தியாவிலிருந்து வந்த செடியைத் தனி இனமாகக் கருதி கன்னாபிஸ் இண்டிகா என்றார். இரண்டு இனமா ஒரே இனமா என்று தாவரவியலாளர்கள் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் பூக்களில்தான் பிசின் சுரக்கும் நுண்ணிய முடிகள் நெருக்கமாக இருக்கும். இலையை அரைத்தால் பாங். பூத்த நுனியைக் காயவைத்தால் கஞ்சா. பிசினை மட்டும் பிரித்தெடுத்தால் சரஸ். அதையே அரபு உலகம் ஹஷீஷ் என்றது. மரிஹுவானா என்பது மெக்சிகோ ஸ்பானிய வழக்கு. 'கஞ்சா' என்ற சொல் 1845 முதல் ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்காவுக்குப் போன இந்தியர்களோடு கப்பலேறியது. அங்கே இன்றும் அதுதான் பெயர்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. இலை, பூ, பிசின் மூன்றுக்கும் வீரியம் ஒன்றல்ல. கீழே வரும் சண்டைகளில் பாதி, இதை மறந்துவிட்டுப் போட்ட சண்டைகள்.

சாக்கு தைக்கிற சணலும் இதே செடின்னு சொல்றாங்களே?

இல்லை. சாக்குச் சணல் முற்றிலும் வேறு குடும்பத்துச் செடி. ஆங்கிலத்தில் ஹெம்ப் என்பதைப் பலர் 'சணல்' என்று மொழிபெயர்த்துவிடுவதால் வந்த குழப்பம் இது. ஹெம்ப் என்பது நாருக்காகவும் விதைக்காகவும் வளர்க்கப்படும் கஞ்சா இனச் செடி. போதைப் பொருளான டி.எச்.சி. அதில் மிகக் குறைவு. அமெரிக்காவில் 2018-ல் வந்த சட்டப்படி 0.3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பாய்மரக் கப்பல் காலத்தில் வடம், பாய்த்துணி எல்லாம் இதில்தான் செய்தார்கள்.

5000 வருஷமா சீனாவுல மருந்தா இருக்குன்னு எல்லா இடத்திலும் போட்டிருக்கே, உண்மையா?

அந்தக் கணக்கு ஒரு புராண அரசரிலிருந்து வருகிறது. கி.மு. 2737-ல் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் ஷென்நோங், மூலிகைகளைத் தானே தின்று பார்த்து மருத்துவம் வகுத்தார் என்பது கதை. அவர் பெயரில் வழங்கும் மூலிகை நூல் கி.பி. முதலிரண்டு நூற்றாண்டுகளையொட்டித் தொகுக்கப்பட்டது. அப்படிப் பார்த்தால் எழுத்துச் சான்று சுமார் 2000 ஆண்டுப் பழசு. அதுவும் குறைவில்லை! அந்த நூல் செடியைப் புகழ்வதோடு, அளவு மீறித் தின்றால் பேய்கள் கண்ணில் படும், பித்துப் பிடித்தவர் போல ஓடுவார்கள் என்றும் எச்சரிக்கிறது.

கி.பி. 208-ல் இறந்த ஹுவா துவோ என்ற சீன மருத்துவர், கஞ்சா கலந்த பொடியால் நோயாளியை மயக்கி அறுவை சிகிச்சை செய்தார் என்பதும் இதே ரகம். அந்தப் பொடியின் பெயரில் கஞ்சாவைக் குறிக்கும் 'மா' என்ற சொல் வருகிறது. செய்முறை தொலைந்து போய்விட்டது. பெயரை வைத்து மட்டும் மருந்தைத் தீர்மானிக்க முடியாது.

சரி, அப்போ கையில் பிடிக்கிற மாதிரி பழைய ஆதாரம் என்ன இருக்கு?

நல்ல ஆதாரங்கள் கல்லறைகளில்தான் கிடைத்திருக்கின்றன. சீனாவின் துர்ஃபான் பகுதியில் யாங்ஹாய் என்ற இடத்தில் ஏறக்குறைய 2700 ஆண்டுப் பழைய கல்லறை ஒன்றில், இறந்தவரின் அருகே 789 கிராம் கஞ்சா வைக்கப்பட்டிருந்தது. சோதித்ததில் போதைத் தன்மையுள்ள வகைதான் என்று தெரிந்தது. பாமிர் மலையில் ஜிர்சங்கால் இடுகாட்டில் கி.மு. 500-ஐ ஒட்டிய மரத் தணல் கலன்கள் கிடைத்தன. உள்ளே பழுக்கக் காய்ச்சிய கற்கள். கலன்களில் வீரியம் மிகுந்த கஞ்சாவின் எச்சம். இந்த ஆய்வு 2019-ல் வெளிவந்தது.

இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோடஸ், சித்தியர்கள் என்ற நாடோடி மக்கள் சிறு கூடாரத்துக்குள் சூடான கற்கள் மேல் கஞ்சா விதையைப் போட்டு, எழும் புகையில் திளைத்துக் கத்துகிறார்கள் என்று எழுதியிருந்தார். கட்டுக்கதை என்று பலர் ஒதுக்கினார்கள். இருபதாம் நூற்றாண்டில் அல்தாய் மலையின் பாசிரிக் புதைமேடுகளைத் தோண்டியபோது கூடாரக் கழிகள், கற்கள் நிறைந்த கலன், கருகிய விதைகள் எல்லாம் அப்படியே வெளிவந்தன.

வேதத்திலேயே இருக்குன்னு சொல்றாங்க. சித்த, ஆயுர்வேத வைத்தியத்திலும் உண்டா?

அதர்வவேதத்தில் துயர் போக்கும் ஐந்து செடிகளின் வரிசையில் 'பங்கா' என்ற சொல் வருகிறது. அது இந்தச் செடிதானா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. மருத்துவ நூல்களில் சந்தேகமில்லாத இடம் பிற்பாடுதான். இடைக்காலத்துச் சார்ங்கதர சம்ஹிதை, செரிப்பதற்கு முன்பே உடலெங்கும் பரவும் பொருளுக்கு உதாரணமாக இதையும் அபினியையும் சொல்கிறது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஜாதிபலாதி சூரணத்தில் இது முக்கியச் சரக்கு.

சித்த மரபில் கோரக்கர் மூலி என்ற பெயரே உண்டு. ஆனால் இரண்டு மரபுகளும் இதை நஞ்சுச் சரக்காகவே பார்த்தன. கழுவி, பாலில் வேகவைத்து, நெய்யில் வறுத்துச் சுத்தி செய்த பிறகே மருந்தில் சேரும். 'நம் முன்னோர்களே பயன்படுத்தினார்கள்' என்று சொல்பவர்கள் இந்தச் சுத்தியைப் பற்றிப் பேசுவதே இல்லை.

ஹஷீஷ் குடிச்சுட்டுக் கொலை பண்ணதாலதான் அசாசின்னு பேர் வந்துச்சாமே?

அசாசின் என்றால் ஆங்கிலத்தில் கொலையாளி. பெயர்த் தொடர்பு உண்மை, போதைக் கதை பொய்க்கு நெருக்கம். பாரசீகத்தின் அலமூத் கோட்டையை மையமாகக் கொண்ட நிசாரி இஸ்மாயிலிகள் என்ற முஸ்லிம் பிரிவினரை எதிரிகள் 'ஹஷீஷி' என்று திட்டினார்கள். மார்க்கோ போலோ ஏதோ ஒரு பானம் என்றுதான் சொன்னார். 1809-ல் பிரெஞ்சு அறிஞர் சில்வெஸ்தர் த சாசி சொல்லாராய்ச்சி செய்து இரண்டையும் முடிச்சுப் போட்டார். மாதக்கணக்கில் காத்திருந்து, மாறுவேடமிட்டுத் திட்டத்தை முடிக்கும் ஆட்களுக்கு ஹஷீஷ் எப்படி உதவும் என்று யாரும் யோசிக்கவில்லை.

ஆங்கில மருத்துவத்துக்குள்ள இது எப்படிப் போச்சு?

வில்லியம் புரூக் ஓஷாநெஸி என்ற அயர்லாந்துக்காரர் வழியாக. இவர் ஒரு விசித்திர மேதை. 1831-ல், 22 வயதில், காலரா நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து நீரும் உப்பும் இழந்துபோவதைக் கண்டார். அதையே திருப்பிச் செலுத்தினால் என்ன என்றும் எழுதினார். இன்று ஏற்றும் டிரிப்ஸின் ஆரம்பம் அங்கேதான். 1833-ல் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் கல்கத்தா வந்து, மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியரானார். பிற்காலத்தில் இந்தியா முழுக்கத் தந்திக் கம்பி இழுத்ததும் இவரே.

உள்ளூர்க்காரர்கள் கஞ்சாவைப் பயன்படுத்துவதைப் பார்த்து, மதுசூதன் குப்தா போன்ற பண்டிதர்களிடம் சமஸ்கிருத நூல்களைப் பற்றியும் மற்றவர்களிடம் பாரசீக, அரபு நூல்களைப் பற்றியும் விசாரித்தார். பிறகு மீன், நாய், பன்றி, காகம், ஆடு, மாடு என்று வரிசையாகக் கொடுத்துப் பார்த்தார். ஊன் தின்னும் பிராணிகளுக்கு ஏறிய அளவு புல் தின்பவற்றுக்கு ஏறவில்லை. அப்புறம்தான் நோயாளிகள். மூட்டுவாதத்துக்காக மருந்து வாங்கிய ஒருவர் இரண்டு மணி நேரத்தில் வாய் ஓயாமல் பேசி, பாடி, கூடுதல் சாப்பாடு கேட்டுச் சத்தம் போட்டார். இரவில் பார்த்தால் உணர்வில்லாமல் கிடக்கிறார். தூக்கிவிட்ட கை தூக்கிய இடத்திலேயே நிற்கிறது! ஒரு கிரெயின் பிசின்தான் கொடுத்தது, அதாவது சுமார் 65 மில்லிகிராம்.

1839-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில் டெட்டனஸ் இசிவு தணிந்ததும், ஓயாத வலிப்பில் துடித்த 40 நாள் குழந்தை பிழைத்ததும் பதிவாகியுள்ளன. வெறிநாய்க்கடி நோயாளி பிழைக்கவில்லை; கடைசி நேர வேதனை குறைந்தது என்று நேர்மையாக எழுதினார். விடுப்பில் லண்டன் போனபோது சரக்கையும் கொண்டுபோய் பீட்டர் ஸ்குவையர் என்ற மருந்தாளுநரிடம் சாறெடுக்கக் கொடுத்தார். பத்தே ஆண்டில் அமெரிக்க அரசாங்க மருந்து நூலிலும் அது இடம்பிடித்தது.

விக்டோரியா மகாராணி மாதவிடாய் வலிக்கு இதைத்தான் எடுத்துக்கிட்டாங்களாமே?

அதற்குச் சான்று இல்லை. அரச குடும்ப மருத்துவர்களில் ஒருவரான ஜான் ரஸ்ஸல் ரேனால்ட்ஸ், 1890-ல் லான்செட் இதழில் கஞ்சாவைப் பாராட்டி எழுதினார். இரண்டையும் யாரோ கூட்டிக்கொண்டார்கள். 1890-ல் ராணிக்கு வயது 71.

அவ்வளவு நல்ல மருந்துன்னா டாக்டர்கள் ஏன் கைவிட்டாங்க? தடை போட்டதாலதானே?

தடைக்கு முன்பே கைவிட ஆரம்பித்துவிட்டார்கள். அதிகம் பேசப்படாத விஷயம் இது. அபினியிலிருந்து மார்ஃபினை 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரித்துவிட்டார்கள். எடை போட்டுக் கொடுக்கலாம், நீரில் கரையும். 1850-களில் ஊசி வந்ததும் நேராக உடம்பில் ஏற்றலாம். கஞ்சாப் பிசின் நீரில் கரையாது. வாயால் கொடுத்தால் எப்போது வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. ஒரு புட்டிச் சாறு குடித்தவருக்கு ஒன்றுமே ஆகாது. அடுத்த புட்டியில் அதே அளவு குடித்தவர் செத்துவிடுவோமோ என்று நடுங்குவார். மாதக்கணக்கில் கப்பலில் வந்து கிடங்கில் கிடந்த சரக்கில் வீரியம் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பது யாருக்கும் தெரியாது.

வேதியியலாளர்கள் முயன்றார்கள். 1890-களில் கேம்பிரிட்ஜில் பிரித்தெடுத்த 'கன்னாபினால்' என்ற சரக்குதான் செயல்படும் பொருள் என்று நம்பினார்கள். அது டி.எச்.சி. கெட்டுப்போய் உண்டாகும் மிச்சம் என்பது பின்னால்தான் புரிந்தது. இதற்கிடையில் 1899-ல் ஆஸ்பிரின், 1903-ல் தூக்கத்துக்கு பார்பிட்டுரேட். அளவு சொல்ல முடியாத மருந்தை எந்த வைத்தியர் விரும்புவார்? பிரிட்டிஷ் மருந்து நூல் 1932-ல் இதை நீக்கியது, அமெரிக்க நூல் 1942-ல்.

நைலான் கம்பெனியும் காகிதக் கம்பெனியும் சேர்ந்து சதி பண்ணித்தான் அமெரிக்கா தடை பண்ணிச்சாம். சரியா?

சுவையான கதை, ஆனால் நாள் கணக்கு ஒத்துவராது. அமெரிக்கா மரிஹுவானா வரிச் சட்டம் போட்டது 1937-ல். எகிப்தில் பிரெஞ்சுப் படை ஹஷீஷைத் தடை செய்தது 1800-ல். ரியோ டி ஜெனீரோ நகராட்சி தடுத்தது 1830-ல். தென்னாப்பிரிக்கப் பகுதியான நேட்டாலில் இந்தியத் தொழிலாளிகளுக்குத் தடை 1870-ல். மெக்சிகோ 1920, தென்னாப்பிரிக்கா 1922. 1925-ல் போதைப்பொருள் பற்றிய ஜெனீவா உடன்படிக்கையிலேயே சேர்த்தாயிற்று. நைலான் வந்தது பட்டுக்குப் போட்டியாக. ஹெம்ப் விவசாயம் பருத்தியிடமும் சணலிடமும் அதற்கு வெகு காலம் முன்பே தோற்றிருந்தது. 1942-ல் ஜப்பான் பிலிப்பைன்ஸைப் பிடித்து வடத்துக்கான நார் வரத்து நின்றதும், அதே அமெரிக்க அரசாங்கம் விவசாயிகளிடம் ஹெம்ப் பயிரிடச் சொல்லிக் கெஞ்சியது.

சதி இல்லையென்றால் நியாயமாக நடந்தது என்று அர்த்தமில்லை. மேலே உள்ள பட்டியலில் யார்மேல் தடை விழுந்தது என்று பாருங்கள்: அடிமைகள், கூலிகள், குடியேறிகள், கறுப்பின மக்கள். அமெரிக்கப் போதைத் தடுப்புத் துறைத் தலைவர் ஹாரி அன்ஸ்லிங்கர் மெக்சிகோ மக்கள் மீதும் கறுப்பினத்தவர் மீதும் இருந்த வெறுப்பைத் தாராளமாகப் பயன்படுத்தினார். முன்பு சொன்ன அசாசின் கதையும் அவருக்குக் கைகொடுத்தது. 1937 விசாரணையில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சார்பில் வில்லியம் உட்வர்ட் எதிர்த்துப் பேசினார். டாக்டர்களுக்குக் கன்னாபிஸ் தெரியும், தெருப் பெயரான மரிஹுவானா தெரியாது. அதனால் சட்டம் தங்களைத் தொடுகிறது என்று பலர் உணரவே இல்லை.

கஞ்சா அடிச்சா பைத்தியம் பிடிக்கும்னு பெரியவங்க சொல்றது பயமுறுத்தத்தானே?

இந்தக் கேள்வியை ஏற்கெனவே ஓர் அரசாங்கமே கேட்டிருக்கிறது. 1893-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்வியால் இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 1,193 சாட்சிகள், ஏழு தொகுதிகள், மூவாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள். மனநோய்க் காப்பகப் பதிவேடுகளில் 'காரணம்: கஞ்சா' என்று இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகத் துருவினார்கள். பெரும்பாலானவற்றில் வேறு காரணம் தெரியாததால் வழக்கப்படி எழுதிவைத்த வரி அது என்று வெளிப்பட்டது. மிதமாக உபயோகிப்பவர்களுக்குப் பெரிய கெடுதல் இல்லை, மிஞ்சினால் கெடுதல், முழுத்தடை வேண்டாம் என்று 1894-ல் முடிவு சொன்னார்கள். முப்பது ஆண்டு கழித்து ஜெனீவாவில் எகிப்தின் பிரதிநிதி எல் குயிந்தி, தம் நாட்டுப் பைத்தியங்களில் 30 முதல் 60 சதவீதத்துக்கு ஹஷீஷ்தான் காரணம் என்றார். உலகம் அவரைத்தான் கேட்டது.

அதற்காகப் பெரியவர்கள் சொன்னது வெறும் பூச்சாண்டி என்று நினைத்துவிடாதீர்கள். ஐரோப்பாவிலும் பிரேசிலிலுமாக 11 இடங்களில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், தினமும் உபயோகிப்பவர்களுக்கு மனச்சிதைவு சார்ந்த நோய் வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு. தினமும், அதுவும் டி.எச்.சி. 10 சதவீதத்துக்கு மேலுள்ள சரக்கு என்றால் ஏறக்குறைய ஐந்து மடங்கு. அமெரிக்காவில் பறிமுதலான சரக்கின் சராசரி டி.எச்.சி. 1995-ல் சுமார் 4 சதவீதம், 2014-ல் சுமார் 12. குழு பார்த்த கஞ்சாவும் இன்றைய கஞ்சாவும் பெயரில்தான் ஒன்று.

இந்தியாவுல 1985 வரைக்கும் சட்டப்படி வித்தாங்களா?

ஆமாம், அரசு உரிமம் பெற்று, கலால் வரி கட்டி. 1961-ல் ஐ.நா.வின் ஒற்றை உடன்படிக்கை கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்துக் கடுமையான பட்டியலில் வைத்தபோது இந்தியா இரண்டு சலுகைகளை வாங்கியது: பூநுனி சேராத இலையும் விதையும் 'கஞ்சா' என்ற வரையறைக்குள் வராது, பழைய பழக்கத்தை ஒழிக்க 25 ஆண்டு அவகாசம். அவகாசம் முடியும் தறுவாயில், 1985 நவம்பர் 14-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பூவும் பிசினும் உள்ளே போயின, இலை வெளியே நின்றது. முதல் கேள்வியில் சொன்ன பாக வேறுபாடு இங்கே சட்டமாகவே ஆகிவிட்டது.

டி.எச்.சி., சி.பி.டி. ரெண்டையும் யார் கண்டுபிடிச்சா?

சி.பி.டி. என்பது இதே செடியிலுள்ள, போதை தராத இன்னொரு பொருள். அதை 1940-ல் அமெரிக்காவில் ரோஜர் ஆடம்ஸ் பிரித்தெடுத்தார். அதன் சரியான கட்டமைப்பை 1963-லும், அடுத்த ஆண்டே டி.எச்.சி.யையும் கண்டவர் இஸ்ரேலின் ரஃபேல் மெக்கூலம். உடன் இருந்தவர் யெஹியேல் கவோனி. ஆராய்ச்சிக்கு மெக்கூலம் போலீஸிடம் போய் ஐந்து கிலோ லெபனான் ஹஷீஷைக் கேட்டு வாங்கி, பஸ்ஸில் எடுத்து வந்தார். மற்றப் பயணிகள் ஏதோ வாசனை வருகிறதே என்று பார்த்தார்களாம். மார்ஃபினுக்கும் இதற்கும் நடுவே ஒன்றரை நூற்றாண்டு. அந்த இடைவெளியில்தான் மருந்து நூலிலிருந்து நீக்கமும் தடையும் நடந்து முடிந்தன.

நம்ம மூளையே கஞ்சாவைச் சுரக்குதுன்னு படிச்சேன். நிஜமா?

கஞ்சாவைச் சுரக்கவில்லை, டி.எச்.சி. போய் உட்காரும் அதே இடத்தில் உட்காரும் வேறொரு பொருளைச் சுரக்கிறது. 1992-ல் மெக்கூலத்தின் ஆய்வகத்தில் டெவேனும் ஹானுஷும் அதைப் பன்றி மூளையிலிருந்து பிரித்தார்கள். சமஸ்கிருத 'ஆனந்த'த்திலிருந்து ஆனந்தமைடு என்று பெயரிட்டார்கள். வலி, பசி, நினைவு, வாந்தி எல்லாவற்றிலும் இந்த அமைப்புக்குக் கை உண்டு. கஞ்சா இத்தனை விதமாக வேலை செய்வதும், இத்தனை விதமாகத் தொந்தரவு கொடுப்பதும் அதனால்தான்.

இன்னைக்கு எந்தெந்த நோய்க்கு நிஜமாவே வேலை செய்யுது?

வாட்ஸ்அப்பில் வரும் பட்டியலைவிட மிகச் சின்னப் பட்டியல். புற்றுநோய் மருந்து ஏற்றும்போது வரும் வாந்திக்கு, செயற்கையாகத் தயாரித்த டி.எச்.சி. மாத்திரை 1985 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயில் தசை இறுகுவதற்கு, டி.எச்.சி.யும் சி.பி.டி.யும் சம அளவில் கலந்த வாய்த் தெளிப்பு. நாள்பட்ட வலிக்கு 2017-ல் அமெரிக்க தேசிய அகாதமிகள் நல்ல ஆதாரம் இருக்கிறது என்றன. 2021-ல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் பொதுவான உபயோகத்தை ஆதரிக்க முடியாது என்றது.

வலுவான ஆதாரம் குழந்தைகளின் அரிய வலிப்பு நோய்களுக்குத்தான். டிரவே நோய்க்குறி உள்ள 120 பேரிடம் நடந்த ஆய்வில், சி.பி.டி. குடித்தவர்களுக்கு மாதம் 12.4 ஆக இருந்த வலிப்பு 5.9 ஆகக் குறைந்தது. வெற்று மருந்து குடித்தவர்களிடம் 14.9, 14.1 ஆனதோடு சரி. 2018-ல் அந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது. கல்கத்தாவின் 40 நாள் குழந்தை ஞாபகம் வருகிறதா? நடுவே 179 ஆண்டுகள்.

அப்போ கடையில விக்கிற சி.பி.டி. எண்ணெய் வாங்கிக் கொடுத்தாலும் அதே பலன்தானே?

இல்லை. 2017-ல் இணையத்தில் விற்ற 84 சரக்குகளை வாங்கிச் சோதித்தார்கள். லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தது 31 சதவீதத்தில்தான். 18 சரக்குகளில் டி.எச்.சி.யும் இருந்தது. 19-ம் நூற்றாண்டுப் புட்டியின் அதே கதை, புது லேபிளோடு.

புற்றுநோயைக் குணமாக்கும்னு ஒருத்தர் சத்தியம் பண்றார்...

சோதனைக் கண்ணாடித் தட்டிலும் எலியிலும் சில புற்று அணுக்கள் சாகின்றன. தட்டில் புற்று அணுவைக் கொல்லும் பொருள்கள் ஏராளம். மனிதர்களில் குணமானதாக நிரூபணம் இல்லை. வாந்தி, பசியின்மைக்கு உதவும். அதை நம்பிச் சிகிச்சையை நிறுத்துபவர்களை நினைத்தால்தான் வயிறு கலங்குகிறது.

மூலிகைதானே, அடிமையாக மாட்டோம்ல?

அபினியும் புகையிலையும்கூடச் செடிகள்தான். உபயோகித்துப் பார்ப்பவர்களில் சுமார் பத்தில் ஒருவர் விட முடியாத நிலைக்குப் போகிறார் என்பது நெடுநாளைய மதிப்பீடு. பதின்பருவத்தில் ஆரம்பித்தால் இன்னும் அதிகம். நிறுத்தினால் தூக்கமின்மை, எரிச்சல், பசியின்மை வரும். வாந்திக்கு மருந்தான இதையே ஆண்டுக்கணக்கில் தினமும் புகைத்தவர்களுக்கு நிற்காத வாந்தி வருவதை 2004-ல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் முதலில் விவரித்தார்கள்.

உலகம் முழுக்க ஒவ்வொரு நாடா அனுமதிக்குது. வெளிநாட்டு டாக்டர் சீட்டு இருந்தா கையோட எடுத்துட்டுப் போகலாமா?

திசை ஒன்றாக இல்லை. உருகுவே 2013-ல் சட்டமியற்றியது, கனடா 2018-ல், ஜெர்மனி 2024-ல் ஓரளவு. தாய்லாந்து 2022-ல் கதவைத் திறந்து, 2025-ல் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று பாதி மூடியது. ஐ.நா.வில் 2020 டிசம்பர் 2 அன்று, மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுக்க 27 நாடுகள் ஆதரவு, 25 எதிர்ப்பு, ஒன்று நடுநிலை. இந்தியா ஆதரித்தது. மருத்துவ மதிப்பு உண்டு என்று ஏற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான். முதல் பட்டியலில் கட்டுப்பாடு தொடர்கிறது.

சீட்டு, எழுதிய நாட்டின் எல்லையோடு முடிந்துவிடும். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குள் 30 நாள் மருந்துக்கு ஒரு சான்றிதழ் உண்டு. மற்றபடி, போகும் நாட்டின் அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் வாங்காமல் பெட்டியில் வைக்காதீர்கள். சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை. அந்நாட்டுக் குடிமக்கள் வெளியூரில் புகைத்துவிட்டுத் திரும்பினாலும் வழக்குதான்.